பெட்டியில் போன நவாபு

காட்பாடியில் வண்டி மாறி சித்தூர்ப் பக்கம் திரும்பியதுமே பூமியின் முகம் மாறிவிடுகிறது. எங்கள் தாமிரபரணிக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலும்தான். இங்கே யாரோ கூடை கூடையாய்க் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைப் பாறைகள். ஒன்றின்மேல் ஒன்று, இன்னமும் விழாமல் நிற்கின்றன. இடுக்கில் மாந்தோப்பு, இறக்கத்தில் ஏரி. ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு, பெட்டிக்குள் பேச்செல்லாம் பாதித் தமிழ்.

திருப்பதிக்குப் போகிற வழிதான். ஆனால் பெருமாளைச் சேவிக்குமுன் எனக்கு வேறொரு இடம் பார்க்க வேண்டியிருந்தது. 1782 டிசம்பர் 7 அன்று மைசூர் நவாபு ஹைதர் அலி கண்மூடிய நரசிங்கராயன்பேட்டை.

"ஹைதர் அலியா? அவரு சமாதி ஸ்ரீரங்கப்பட்டணத்துல இல்ல இருக்குது சார்?" என்றார் சித்தூர் ஆட்டோக்காரர். சமாதி அங்கேதான். உயிர் போனது இங்கே. சொன்னதும் வண்டியை ஓரங்கட்டி, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "நம்ம ஊர்லயா?"

நான் போனதும் டிசம்பர்தான். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. சாலையோர ஆலையில் கொப்பரை கொதித்தது. பொன்னிற நுரை பொங்கி விளிம்புவரை வரும். பெரியவர் ஒருவர் நீளக் கரண்டியால் வழித்துத் தள்ளுவார், அடங்கும். மறுபடி பொங்கும். "வாங்க தம்பி, பாகு சாப்பிடுங்க" என்று இலைத்துண்டில் சூடாக ஊற்றிக் கொடுத்தார். நவாபின் கூடாரம் எந்த வயலில் நின்றிருக்கும் என்று கேட்டேன். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நாலு திசையையும் பார்த்தார். "அவ்வளவு பெரிய சேனைன்னா எல்லா வயல்லயும்தான் நின்னிருக்கும்" என்றார்.

உண்மைதான். 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக ஹைதர் இறங்கியபோது அவரோடு வந்தவர்கள் சுமார் 80,000 பேர். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி நடத்திய படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடிக்க, கிட்டத்தட்ட 4,000 பேர் மாண்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். பக்கத்திலேயே, காஞ்சியில் தன் படையோடு இருந்த கம்பெனித் தளபதி மன்றோ நேரத்துக்கு உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். அன்றைக்குக் கம்பெனியின் கதை முடிந்தது என்றே நாடு நினைத்திருக்கும். அடுத்த ஆண்டு கம்பெனித் தளபதி ஐர் கூட் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஹைதரை வென்றார். ஆனால் வென்றவருக்குச் சோறில்லை. சோளிங்கர் வெற்றிக்குப் பிறகு அவர் துரத்தியது ஹைதரை அல்ல, தானியத்தை. கார்வேட்டிநகரம் பாளையத்து மலைகளுக்குள் படையை நடத்திப்போனது நெல்லுக்காகத்தான். ஊர்களை எரித்து, ஏரிகளை உடைத்து, நாட்டையே வெறுமையாக்கி எதிரியைப் பட்டினி போடுவது ஹைதரின் போர்முறை. கடலை மட்டும் அவரால் வற்றவைக்க முடியவில்லை. சென்னைக்கு அரிசி வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தது.

இந்த அரிசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதரைச் சாய்த்தது குண்டல்ல, ராஜபிளவை. முதுகில் புறப்பட்டது, மருந்துக்குக் கட்டுப்படவில்லை. மூத்த மகன் திப்பு அப்போது மலையாளக் கரையில், பொன்னானிப் பக்கம் கம்பெனிப் படையோடு மோதிக்கொண்டிருந்தார். நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. சேதி வெளியே கசிந்தால் சேனை கலைந்துவிடும். அமைச்சர்கள் பூர்ணையாவும் கிருஷ்ணராவும் எல்லார் வாயையும் கட்டினார்கள். உடலை வாசனைப் பொருள்கள் நிரப்பிய பெட்டியில் வைத்து, ஏதோ பொக்கிஷம் போவதுபோலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். பாசறையில் ஒன்றுமே நடக்காததுபோல அன்றாட அலுவல்கள் தொடர்ந்தன. இளைய மகன் அப்துல் கரீமை அரியணையேற்ற ஒரு சதி கிளம்பியது. கிளம்பியவர்களை அப்போதே பிடித்துக் கட்டினார்கள். திப்பு மலையைச் சுற்றிக்கொண்டு புத்தாண்டையொட்டி வந்து சேரும்வரை அந்த மாபெரும் சேனை, தலைவன் இல்லாமலேயே தலைவனுடைய சேனையாக நின்றது. அந்தச் சில வாரங்களை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

எவ்வளவு மூடினாலும் சேதி சென்னையை எட்டத்தான் செய்தது. அடிக்க அதைவிட நல்ல வேளை கம்பெனிக்கு வாய்க்காது. கவர்னர் மெக்கார்ட்னி, உடனே புறப்படு என்று படைத்தலைவர் ஸ்டூவர்ட்டை நெருக்கினார். அவர் அசையவில்லை. அவருடைய சோம்பலைப் பழிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அக்டோபர்தான் கண்முன் வருகிறது. 1782 அக்டோபர் 15 அன்று சென்னைக் கடலில் அடித்த புயல் அரிசிக் கப்பல்களை உடைத்துப் போட்டது. ஏற்கெனவே ஹைதருக்கு அஞ்சி ஓடிவந்த குடியானவர்களால் நகரம் பிதுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பிணம் விழுந்தது. அந்தப் பஞ்சத்துக்கு ஊற்றிய கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான் மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு அதுவே வேர்.

இந்தப் பக்கம் தலை இல்லாத படை. அந்தப் பக்கம் வயிறு காய்ந்த படை. நூறு மைல்கூட இல்லாத இடைவெளியில் இரண்டும் அப்படியே நின்றன. அதனால் மைசூர் பிழைத்தது, திப்பு சுல்தான் ஆனார். 1784 மார்ச் 11 அன்று மங்களூரில் உடன்படிக்கை எழுதி, பிடித்த ஊர்களை அவரவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். புள்ளலூரைவிட, பரங்கிப்பேட்டையைவிட, இந்தக் கரும்பு வயலில் கழிந்த வாரங்கள்தான் அந்தப் போரின் உண்மையான திருப்பம் என்பது என் முடிவு.

மறுநாள் பாகாலாவில் இறங்கி, இன்னொரு நவாபு விழுந்த தாமலசெருவு பார்த்தேன். மாங்காய் மண்டிகள் பருவம் ஓய்ந்து கிடந்தன. 1740 மே 20 அன்று இந்த ஊர்க் கணவாயில்தான் ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி மராட்டியரிடம் உயிரிழந்தார். முதுகுப்புறம் தெரிந்த படையைத் தன் மகன் சப்தர் அலி கூட்டிவரும் உதவி என்று நம்பி நின்றாராம்.

திருமலை ஏறும்போது இருட்டிவிட்டது. தரிசனம் முடிந்து தரிகொண்டா வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் உட்கார்ந்தேன். பெயரைப் பார்த்ததும் நெஞ்சு நின்றது. தரிகொண்டா இருப்பது குர்ரம்கொண்டாவுக்குப் பக்கத்தில். குர்ரம்கொண்டாவோ ஹைதரின் மைத்துனர் ஆண்ட மைசூர்க் கோட்டை. போர் நடந்த அந்த ஆண்டுகளில் தெலுங்குக் கவிஞரான இந்த வெங்கமாம்பா உயிரோடு இருந்தார்.

பரிமாறுகிற பெண் வாளியோடு வந்தார். ஆவி பறக்கும் சோறு இலையில் விழுந்தது. "சாலா?" என்று கேட்டார், போதுமா என்று. தலையாட்டினேன். அவர் இன்னொரு கரண்டி போட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.