ஸ்பனகோபிட்டாவும் கேழ்வரகு அடையும்

கிரேக்க நாட்டில் 'ஸ்பனகோபிட்டா' என்று ஒரு பலகாரம் இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், கீரை வைத்துச் சுட்ட பண்டம், அவ்வளவுதான்! காகிதம் மாதிரி மெல்லிய கோதுமை மாவுத் தாள்களில் எண்ணெய் தடவி அடுக்கி, நடுவில் பாலக்கீரையும் ஃபெட்டா என்ற உப்புப் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடுகிறார்கள். கிராமங்களில் பாலக்கீரைக்குப் பதில் மலையில் பறித்த காட்டுக்கீரைகளை வைப்பதும் உண்டு.

இதற்கு நம்ம ஊர் உறவு பேக்கரி பப்ஸ் இல்லை. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. கையில் கிடைத்த கீரையையும் வீட்டிலிருக்கும் மாவையும் சேர்த்து வயிறு நிறைய வைப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

அப்படியென்றால் அடையில் ஏன் அடுக்கு இல்லை? கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவை இழுத்தால் கிழியாமல் வருவது அதனால்தான். கேழ்வரகில் அது கிடையாது. பரோட்டா மாதிரி வீசினால் உதிர்ந்துவிடும். அதனால் கீரை, வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் மாவிலேயே பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போடுகிறார்கள். சத்திலும் குறைவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் மழையை நம்பிச் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்துச் சாப்பிட்டு வந்தார்கள். பிறகு சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது, பசியைப் போக்கிய அரிசி அது. ஆனால் கேழ்வரகுக் கொல்லை சுருங்கினால், அதன் நடுவே தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் போய்விடும். கூடவே, எந்தக் கீரையை எப்போது பறிப்பது என்று பாட்டிகளுக்குத் தெரிந்ததும் போய்விடும்.

ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது. மற்ற நாடுகள் எதிர்த்து வழக்குப் போட்டும் 2005-ல் கிரேக்கமே வென்றது. நம் அடையின் பெயரை யாரும் திருடப்போவதில்லை. அதற்கு வேண்டியது சாப்பிட ஆள்தான்.

அடுத்த முறை வெள்ளிமலைப் பக்கம் அருவி பார்க்கப் போகிறவர்கள், பரோட்டாவுக்கு முன்னால் கேழ்வரகு அடை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால்தானே கடைக்காரர் கல்லில் போடுவார்?