புகைபோக்கியும் பூந்தொட்டியும்

சென்னையிலிருந்து வடக்கே மின்சார ரயிலில் போனால், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி வருகிறது கும்மிடிப்பூண்டி. வழியெல்லாம் வயலும் ஏரியும் பார்த்த கண்களுக்கு, சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கும் ஆலைகளைக் கண்டதும், "இங்கே பூச்செடி வளருமா?" என்ற சந்தேகம் எழும். பேஷாக வளரும்! பக்குவம்தான் தெரியவேண்டும்.

செடி வாடினால் நாம் முதலில் செய்வது என்ன? இன்னும் ஒரு செம்புத் தண்ணீர்! பல செடிகளுக்கு அதுவே எமன். வேருக்கும் காற்று வேண்டுமே! சதா ஈரத்தில் நின்றால் அழுகிவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது தூசி. இலையில் படிந்தால் வெளிச்சம் குறையும். மூச்சுத் துளைகள் அடைபடும். மணி பிளான்ட், குரோட்டன்ஸ் இலைகளை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

புகைக்கும் செடிக்கும் பகை புதிதல்ல. லண்டன் புகையில் டாக்டர் நதானியல் வார்ட் வளர்த்த பெரணிகள் மடிந்துகொண்டே இருந்தன. 1829-ல் மூடிய புட்டியில் அவர் வைத்தது பூச்சிக்கூடு; முளைத்ததோ பெரணி! அதிலிருந்து பிறந்ததே கண்ணாடிப் பெட்டித் தோட்டம்.

வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்வார்கள். நாலைந்து தொட்டிகளால் அது நடவாது என்கிறது 2019-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆகவே சகோதரிகளே, செடியைக் கண் குளிர வளர்ப்போம். குழந்தைகளின் மூச்சுக்கான வைத்தியத்தைப் புகைபோக்கியில் செய்யச் சொல்லிக் கேட்போம்.