பதினைந்தாம் தேதி

விருத்தாசலம் பாலக்கரையில் காலை எட்டரை மணி. ஏடிஎம் அறைக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சிலர் சுவரில் சாய்ந்திருக்கிறார்கள், சிலர் படியில் குந்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு டவுன் பஸ் வந்து நிற்கும்போதும் வரிசை கொஞ்சம் நீள்கிறது. எதிர்த்த டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு அகல் வாங்க இந்த ஊருக்கு வந்தவன். பீங்கான் கம்பெனி திறக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இன்று 2024 நவம்பர் 15.

"ஏறிடுச்சாக்கா?"

"ஏறிடுச்சும்மா. காலையிலயே மெசேஜ் வந்துடுச்சு."

குழாயில் தண்ணீர் வந்ததா என்று தெருவில் விசாரிக்கும் அதே குரல். எது ஏறியது என்று யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை.

2023 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் அது. முதல் சுற்றிலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்களின் கணக்குக்குப் போனது. நாளுக்கு வகுத்தால் 33 ரூபாய். டீக்கடையில் இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அந்தத் தொகைக்காக இவர்கள் காலைச் சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, டிக்கெட் காசு இல்லாத பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்கள்.

அறைக்குள்ளிருந்து ஒரு அம்மா வெளியே வருகிறார். கையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். ஒன்றை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக் கயிற்றை இழுக்கிறார். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடக்கிறார். மடித்த தாளுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. அதை மடித்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த யோசனையும் இல்லாமல் மடித்தன. போன மாதமே முடிவான செலவு அது.

இரண்டு கடை தள்ளி, மடிக்கணினியும் ரேகை மிஷினும் வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை. அங்கே ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம். நகக்கண்ணில் வெள்ளைக் களிமண். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டு அது முடங்கிவிட்டதாம். வலது கட்டைவிரலை மிஷினில் வைக்கிறார்.

"ரேகை விழல" என்கிறார் கடைப் பையன்.

சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். விழவில்லை.

"தலமுடியில தேச்சிட்டு வைங்கக்கா. கொஞ்சம் எண்ண பட்டா எடுக்கும்."

தேய்த்து வைக்கிறார். அப்போதும் இல்லை. பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார்கள். இடது கை நடுவிரலில்தான் பச்சை விளக்கு எரிகிறது. இந்த வட்டாரத்தில் அந்த மிஷின் அடிக்கடி தடுமாறும். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் விரலைக் கொட்டையின் எண்ணெய் தின்றுவிடுகிறது. பீங்கான் வேலை செய்கிறவர்கள் விரலை மண்ணும் ஈரப் பஞ்சும் தேய்த்துவிடுகின்றன. யார் என்று சொல்லவேண்டிய ரேகையை, அவர்கள் செய்த வேலையே அழித்துவைத்திருக்கிறது.

அந்தப் பெண்ணோடு துணைக்கு வந்த இன்னொருத்தி வாசலிலேயே நிற்கிறாள். அவளுடைய போனில் எந்தச் சத்தமும் வரவில்லை.

"ஒனக்கு எதுக்கு வரலயாம்?" என்று வரிசையிலிருந்து ஒரு ஆயா கேட்கிறார்.

"கரண்டு யூனிட்டுன்றாங்க ஆயா. மூணு குடும்பத்துக்கும் ஒரே மீட்டரு. யார்கிட்ட போயி சொல்றது?"

விதிகள் எல்லாருக்கும் தெரியும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கீழே வருமானம். நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர். மின்சாரம் 3600 யூனிட். ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. இருப்பவரைக் கழிக்கப் போட்ட கோடு, ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிக்கும் வீட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டது. ஆயா பதில் சொல்லவில்லை. நகர்ந்து, படியில் அவளுக்கு இடம் விடுகிறார்.

பணம் அனுப்பும் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல. பழைய பெயர் திருமுதுகுன்றம். தேவாரம் பாடிய சுந்தரர் இங்கே வந்து பாடி, கோயில் கொண்ட பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். திருவாரூரில் மனைவி பரவையார் வீட்டுக்கு அது போய்ச் சேரவேண்டும். சுமந்து போக வழியில்லை. மணிமுத்தாற்றில் போடு, ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் இறைவர். சுந்தரர் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார், மாற்றுச் சரிபார்ப்பதற்காக. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊர் சிரிக்கும் பழமொழிக்கு அந்தக் கதையில் நல்ல முடிவுதான். போட்டது கிடைத்தது. ஆனால் உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் மறுபடி பாட வேண்டியிருந்தது.

2023-ல் நடந்ததும் அந்த வரிசையிலேயே நடந்தது. முதலில் ஒரு ரூபாயை அனுப்பிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதுவும் ஒரு மச்சம்தான். பிறகு ஆயிரம் வந்தது. சில கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கிகள் அதில் பிடித்துக்கொண்டன. மாற்றுக் குறைந்தது. அப்படிப் பிடிக்கக்கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். பரவையாருக்காகப் பாடச் சுந்தரர் இருந்தார். இந்தப் பெண்களுக்காக யாராவது ஒருவர் பாடிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் வரிசையைப் பார்த்துச் சொல்கிறார்: "சும்மா குடுத்தா சனங்க வேலைக்கு வருமா? எல்லாம் சாயந்திரம் டாஸ்மாக்குக்குத்தான் போவும்."

டீ ஆற்றுகிறவர் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இந்த நாடு ஒருமுறை நின்று நிதானமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறது. 2011-ல் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு, சில கிராமங்களில் எல்லாருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தது. பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. பிறகு அது 300-ம் 150-ம் ஆனது. ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. சாராயச் செலவு கூடவில்லை. தட்டில் காய்கறி கூடியது. கொட்டிலில் ஆடும் கோழியும் கூடின. அதிக வட்டிக் கடன் குறைந்தது. வேலையை விட்டவர்களைவிட, கூலி வேலையோடு சொந்த வேலையும் சேர்த்துச் செய்யத் தொடங்கியவர்களே கண்ணில் பட்டார்கள். கையில் கொஞ்சம் இருப்பவன்தான் விதை வாங்க முடியும், ஊசி நூல் வாங்க முடியும். ஒன்றுமே இல்லாதவன் அன்றைய கூலியைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாது.

பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போகிறேன்.

நெய்வேலிச் சுரங்க மண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. ஊறுகாய் ஜாடியும் மின்சார ஃபியூஸ் கேரியரும் லாரி லாரியாக இங்கிருந்து போன காலம் உண்டு. பிளாஸ்டிக்கும் புதுவகை சுவிட்சுகளும் வந்தபின் அந்தப் பாரம் குறைந்தது. இப்போது பொம்மையும் அகலும் நிறைய. கொட்டகைக்குள் பலகை பலகையாக வேகாத அகல்கள் காய்கின்றன. மழைக்காலம். வானம் மூடியிருந்தால் மண் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். தீபத்துக்குத் தேவை ஏறும் மாதத்தில்தான் வெயில் இறங்குகிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு மேகமே கழிவு.

என் அகல்களை வைக்கோல் வைத்துக் கட்டும்வரை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்கிறார்கள். அப்போதுதான் பார்க்கிறேன். காலையில் ரேகை விழாமல் நின்ற பெண், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அகலின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறார். பிசிர் போகிறது. மூக்கு சீராகிறது. அடுத்தது. அவருக்குப் பக்கத்திலேயே ஒற்றை மீட்டர்க்காரி.

"குழுக் கடன் செவ்வாக்கெழம. சீட்டு பத்தாம் தேதி. கேஸு வேற தீரப் போவுது" என்று ஒருத்தி எண்ணிக்கொண்டே துடைக்கிறாள்.

"பால்காரன வுட்டுட்டியே."

"அவன் ஒண்ணாந்தேதி."

சிரிப்பு. கைகள் நிற்கவில்லை.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. ஏழை வீட்டில் தேதிகளுக்குக் குறைவே இல்லை. எல்லாம் கொடுக்கவேண்டிய தேதிகள். வாங்குவதற்கு மட்டும் தேதி கிடையாது. வேலை இருந்தால், வெயில் அடித்தால், சூளை நன்றாக வெந்தால், முதலாளி கையில் சரக்குப் பணம் வந்தால் கூலி வரும். இத்தனை 'ஆல்'களைத் தாண்டி வரும் பணத்தை நம்பி யாரிடமும் வாக்குக் கொடுக்க முடியாது. அரிசி ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது, வயிறு நிரம்பும். ஆனால் "பதினஞ்சாந்தேதி தர்றேன்" என்று மளிகைக் கடையில் தலைநிமிர்ந்து சொல்வது வேறு. அந்தச் சொல்லைத்தான் இந்த ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறது. முன்பு கெஞ்சிக் கேட்ட கடனை அந்த வீட்டுப் பெண் இப்போது வாக்குக் கொடுத்துக் கேட்கிறாள்.

இதே மாநிலம் 1962-ல் ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. எத்தனையோ கிழவிகளின் காத்திருப்புக்கு அன்றே ஒரு நாள் கிடைத்தது. உழைக்கும் வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் பரவலாகக் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவள் செய்யும் வீட்டு வேலை வேலையாகவே எண்ணப்படாததுதான் காரணம். உதவி என்றோ சலுகை என்றோ சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததன் பொருள் அங்கே இருக்கிறது.

பழமலைநாதர் கோயிலில் தலமரம் வன்னி. கோயில் கட்டிய நாளில் விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் இலை பொன்னானது என்பது ஊர் நம்பிக்கை. காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, துணி அலசிவிட்டு, அதற்குப் பிறகு பஞ்சைத் தொடும் இந்தக் கைக்கு ஒரு வன்னி இலை கொடுத்தால் அது எத்தனை பொன்னாக வேண்டும்? ஆயிரம் ரூபாய் அந்த இலையின் காம்புகூட இல்லை. ஆனாலும் இலை கொடுக்கவேண்டிய கை இது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதியைக் கூலியில் கேட்க வேண்டும். மழைக்காலத்திலும் சரக்கு காயும் கொட்டகையாகக் கேட்க வேண்டும். ஒற்றை மீட்டர்க்காரியின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவுகிறார்கள். காலைப் பெண் தூக்குச் சட்டியைத் திறக்குமுன், முந்தானையில் முடிந்ததை அவிழ்த்து இருநூறு ரூபாயைப் பக்கத்துக்காரியிடம் நீட்டுகிறார்.

"இந்தா. பய்யனுக்கு நோட்டு வாங்கணும்னியே."

"எப்பக்கா திருப்பித் தர்றது?"

"நீ வேற. அடுத்த பதினஞ்சு நமக்குத்தான் இருக்கே."

'நமக்கு' என்றார். நான் தெளிவாகக் கேட்டேன். பணம் ஏறியது ஒரு கணக்கில். தேதி இரண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

சுவரில் ஒரு மாதக் காலண்டர். வேலைக்கு வந்த நாளில் ஒவ்வொருத்தியும் தன் எழுத்தைப் பென்சிலால் குறித்துவைக்கிறாள். மழை நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்தப் பெண் எழுந்து போய்த் தாளைத் தூக்கி, டிசம்பரைப் பார்க்கிறார்.

"பதினஞ்சு ஞாயித்துக்கெழமையா வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து ஒரு கணம் நிற்கிறார். பிறகு வந்து சாப்பிட உட்காருகிறார்.

என் கட்டு தயாராகிவிட்டது. எழுந்து கிளம்பும்போது சுவரைக் கடந்துதான் போகவேண்டும். காற்றில் தாள் மெல்லத் தூக்கிக்கொள்கிறது. டிசம்பர் 15-ன் மேல் வெள்ளைக் களிமண்ணில் ஒரு கட்டைவிரல் அடையாளம், சரியாகக் கழுவாத கையிலிருந்து ஒட்டியது. குனிந்து பார்த்தேன். மங்கலாக, சுழித்துச் சுழித்து, ரேகை விழுந்திருந்தது.