மகளின் சான்றிதழ்களும் உம்மாவின் காலும்



எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில், காணி உறுதிகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் அடியில் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. என் மகள் பாடசாலைக் காலத்தில் வாங்கிய பதினொரு விளையாட்டுச் சான்றிதழ்கள் அதற்குள் இருந்தன. 200 மீற்றர், நீளம் பாய்தல், வலைப்பந்து. அவற்றை அங்கே வைத்தவள் நான்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து போகிறவர்களின் கண்ணில் படக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அவளுடைய சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று மாமி, சாச்சி, அடுத்த வீட்டு ராத்தா எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மகள் என்ன செய்யப் போறா?" என்னிடம் பதில் தயாராக இருந்தது. கலைப் பிரிவில் உயர்தரம், பிறகு ஆசிரியத் தொழில், அதற்கிடையில் நல்ல இடம் வந்தால் கலியாணம். இரவு சாப்பாட்டின்போது மகள் மெதுவாகச் சொன்னாள். "உம்மா, நான் விளையாட்டுத் துறையில படிக்கப் போறன்."

"ஓடுறதுக்கு யார் மகள் சம்பளம் குடுக்கிற?" என்று கேட்டேன். அவளுடைய வாப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

உங்களில் பலரும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். அது கேட்கக்கூடாத கேள்வியும் அல்ல. ஆனால் நான் அதைக் கேட்டது பதில் வேண்டி அல்ல, பேச்சை முடிப்பதற்காக. 1992ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது என்னிடமும் ஒருவர் இப்படித்தான் பேச்சை முடித்தார். இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றரில் முதலாவதாக வந்திருந்தேன். அடுத்த கட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். "பெரிய பிள்ளையாகிட்டா, இனி ஓட்டம் என்ன ஓட்டம்" என்றார் என் வாப்பா. அத்தோடு முடிந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். கிழக்கில் அன்றிருந்த நிலைமையில் பெண் பிள்ளையை வேறோர் ஊருக்கு அனுப்பிவிட்டு எந்த வாப்பாவால் நிம்மதியாக இருக்க முடியும்?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உம்மாவின் கால்தான் நினைவில் வந்துகொண்டிருந்தது.

2022ஆம் ஆண்டு, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், என் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பினார். வைத்தியசாலையில் இயன்மருத்துவம் செய்ய வந்தவர் ஓர் இளைஞர். எனக்கு மகன் வயதிருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆனால் உம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என்ட கால அன்னிய ஆம்புள தொட வேணாம்" என்றார். சிகிச்சைக்கு இதில் தடை இல்லை என்று மௌலவி ஒருவரைக் கொண்டும் சொல்லிப் பார்த்தோம். உம்மாவின் வெட்கம் எந்த விளக்கத்துக்கும் கட்டுப்படவில்லை. பெண் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அங்கே இல்லை என்றார்கள்.

பாரிசவாதம் வந்தவர்களுக்கு முதல் வாரங்களும் மாதங்களும் எவ்வளவு பெறுமதியானவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் கை கால்களை முறையாக அசைத்துப் பழக்கினால்தான் மூளை இழந்ததைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் தசைகள் இறுகிவிடும், மூட்டுகள் மடங்காது. எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் வீணாகியது. இன்று உம்மா கம்பு ஊன்றி நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வலக்கை மட்டும் இன்னும் மடங்கியபடியே இருக்கிறது.

நாங்கள் எல்லோரும் பெண் தாதி வேண்டும், பெண் வைத்தியர் வேண்டும், கண்ணுக்குத் தெரியும் கதவெல்லாம் பெண்களுக்கென்று தனியாக வேண்டும் என்று கேட்கிறோம். அவர்கள் யாருடைய வீட்டுப் பிள்ளைகள் என்று யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நானும் மகளும் விசாரிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இயன்மருத்துவம். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு வேண்டும். படித்து முடித்தவர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றைத் தந்து "நீங்களும் இயன்மருத்துவர்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறதா, மருத்துவச் சபை பதிவு தருமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டே கையொப்பமிடுங்கள். என் மகளுக்கு விஞ்ஞானத்தில் சீ. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் ஏ. ஆகவே இந்தக் கதவு தனக்கல்ல என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் மனம் கனத்தது.

அடுத்தது உடற்கல்வி ஆசிரியை. தேசிய கல்வியியற் கல்லூரிகளின் பாடநெறிகளில் உடற்கல்வியும் ஒன்று. மூன்று வருடம். இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது தகைமைகளை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். விளையாட்டுச் சான்றிதழ்கள் பேசும் இடம் இது. என் அலுமாரி உறையை நினைத்து வெட்கப்பட்டேன்.

பட்டம் வேண்டுமென்றால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். கலைப் பிரிவில் படித்த பிள்ளைக்கும் வழி இருக்கிறது. உடல் எப்படி உழைக்கிறது, காயம் ஏன் வருகிறது, உணவு எப்படி இருக்க வேண்டும், ஒரு போட்டியை எப்படி நிர்வகிப்பது என்பனவெல்லாம் பாடங்கள். இவை தவிர, பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர் பதவிகள் உள்ளன. பயிற்றுநராக விரும்புவோருக்குக் கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் டிப்ளோமா நடத்துகிறது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைகளும் மனம் தளர வேண்டியதில்லை. 2017இல் ஆரம்பமான பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்களுள் உடற்கல்வியும் விளையாட்டும் ஒன்று. எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியலாம்.

விளையாடுவதையே தொழிலாக்குவது மிகச் சிலருக்குத்தான் வாய்க்கும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்து அணியில் ஆடி, 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வெல்லத் தோள் கொடுத்தார். அவுஸ்திரேலியாவிலும் போய் ஆடினார். அந்த உயரமும் திறமையும் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது. அதை மகளுக்கு ஒளிக்காமல் சொன்னேன். "நான் ஓடிச் சம்பாதிக்கிறன் எண்டு சொல்லல்லயே உம்மா, ஓடப் பழக்கிச் சம்பாதிக்கிறன் எண்டுதான் சொன்னன்" என்றாள். முதல் நாளே அவளைப் பேசவிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

உடை விடயத்துக்கு வருவோம். உங்கள் மனதில் அதுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மனதிலும் அதுதான் இருந்தது. பஹ்ரெய்ன் நாட்டு ருகையா அல் கஸ்ரா தலையையும் உடலையும் மறைத்த உடையோடு ஓடி 2006 டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் தங்கம் வென்றார். தலை மறைத்து உதைபந்தாட 2014இல் அனுமதி வந்தது. கூடைப்பந்துக்கு 2017இல் வந்தது. ஆகவே சட்டம் தடுக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் பழையது. ஆனாலும் ஆயிரம் பேர் பார்த்திருக்கும் மைதானத்தில் மகள் ஓடுவது எனக்கு இன்றும் மனதுக்கு ஒத்துவரவில்லை. இதில் வேறு கருத்துள்ள சகோதரிகள் இருக்கலாம். சுற்றுமதில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலை மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆயிஷா நாயகி அவர்கள் நபிகளாரோடு ஓடிய சம்பவத்தை நாம் எல்லோரும் பயானில் கேட்டு மகிழ்ந்தவர்கள்தானே!

இன்னொன்று. எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி இல்லாதவர்களை எண்ணிப் பாருங்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. எங்கே அசைப்பது? ஊர் உடற்பயிற்சி நிலையத்தில் ஆண்கள். கடற்கரையில் விடிந்தால் ஆட்கள். பெண்களுக்கென்று காலையில் இரண்டு மணிநேரம், ஒரு பெண் பயிற்றுநரோடு, மூடிய மண்டபத்தில் நடத்தினால் நான் முதல் ஆளாய்க் காசு கட்டிச் சேருவேன். என் மச்சிமார் நால்வரும் வருவார்கள். இதற்கு வாடகை, கண்ணாடி, பாய், நல்ல பயிற்சி பெற்ற ஒரு பெண் பிள்ளை போதும். அந்தப் பிள்ளையைத்தான் காணவில்லை.

மகள் இப்போது உயர்தரத்தில் கலைப் பிரிவில் இருக்கிறாள். பாடசாலையில் வலைப்பந்துப் பயிற்சிக்குப் பிறகு வீட்டுக்கு வர ஐந்தரை மணியாகிறது. கூட்டிவர அவளுடைய வாப்பா போகிறார், சில நாள் நான் போகிறேன். சாச்சி இன்னும் "பிள்ளை கறுத்துப் போறா" என்று குறைப்படுகிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பிள்ளை உண்மையாகவே கறுத்துத்தான் விட்டாள். சான்றிதழ்களை எடுத்துக் கோவை ஒன்றில் போட்டு அவளுடைய மேசையில் வைத்திருக்கிறேன்.

அஸருக்குப் பிறகு அவள் உம்மம்மாவின் கட்டிலருகே உட்காருகிறாள். கிளினிக்கில் ஒரு பெண் இயன்மருத்துவர் ஒரு தடவை செய்து காட்டிய பயிற்சியையே அவளும் செய்விக்கிறாள். அதற்கு மேல் தானாக ஒன்றும் செய்வதில்லை, படிக்காமல் செய்யக்கூடாதாம். மடங்கிய கையில் ஒரு சிறிய இறப்பர்ப் பந்தை வைத்து அமுக்கச் சொல்லி எண்ணுகிறாள். உம்மா ஏசிக்கொண்டே அமுக்குகிறார். நேற்று பதினான்கு வரை வந்தது.