பாதை தெரிந்த போன், இடம் தெரிந்த கார்

தில்லி லக்ஷ்மிபாய் நகருக்கு வழி சொல்ல ஒரு காலத்தில் மூன்று அடையாளங்கள் போதும்: ஐ.என்.ஏ. மார்க்கெட், தமிழ்ப் பள்ளி, எய்ம்ஸ் மருத்துவமனை. முருங்கைக்காய் வாங்க ஐ.என்.ஏ.வுக்கு வரும் தமிழர் யாரைக் கேட்டாலும், மத்திய அரசு ஊழியர்களின் இந்தக் குடியிருப்புக்குக் கை காட்டிவிடுவார். இப்போது வழி சொல்வது திரை. எந்தத் திரை என்பதுதான் கேள்வி: காரிலேயே பதித்து வருவதா, கையிலிருக்கும் போனா?

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, இங்கு வசிக்கும் நண்பரின் காரில் மயூர் விஹாருக்குக் கிளம்பினோம். மறுநாள் காலை எய்ம்ஸில் காட்டுவதற்காக அவருடைய தாயாரை அழைத்துவர வேண்டும். கார் 2017இல் வாங்கியது. திரையும் வரைபடமும் அதனுடனேயே வந்தவை. ஐ.என்.ஏ. அருகே பாராபுல்லா மேம்பாலச் சாலையில் ஏறியதும் அம்புக்குறி சாலையே இல்லாத வெற்றிடத்தில் மிதந்தது. "திரும்பிச் செல்லவும்" என்று குரல் விடாமல் நச்சரித்தது. காரணம் எளிது. பாராபுல்லா ஐ.என்.ஏ. வரை நீட்டிக்கப்பட்டது 2018இல். காரின் வரைபடத்துக்கு அது தெரியாது. "நேரே போங்கப்பா" என்றாள் பின் இருக்கையில் போனுடன் இருந்த மகள்.

திரும்பும்போது பாராபுல்லாவில் நெரிசல் என்றது போன். 2022இல் திறக்கப்பட்ட பிரகதி மைதானச் சுரங்கப்பாதை வழியாக வந்தோம். உள்ளே நுழைந்ததும் போனுக்கு சிக்னல் போயிற்று, அதன் அம்புக்குறி அசையாமல் நின்றது. காரின் அம்புக்குறியோ சீராக நகர்ந்தது, ஆனால் அதன் வரைபடத்தில் சுரங்கப்பாதையே இல்லை. ஒன்றுக்குப் பாதை தெரிந்தது, இடம் தெரியவில்லை. மற்றதற்கு இடம் தெரிந்தது, பாதை தெரியவில்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நமக்கு வழி சொல்வதில்லை. அவை நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து, நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவி கணக்கிடுகிறது. வழி சொல்வது வரைபடத்தின் வேலை. சுரங்கத்துக்குள் காரின் கருவி சக்கரச் சுழற்சியையும் திருப்பங்களையும் எண்ணிச் சமாளிக்கிறது. செயற்கைக்கோளே இல்லாமல் ஹோண்டா 1981இல் கொண்டுவந்த வழிகாட்டியும் ஏறக்குறைய இந்த உத்தியில்தான் இயங்கியது.

போன் செயலியின் பலம் வேறு. சாலையில் செல்லும் எத்தனையோ போன்களின் வேகத்தைக் கொண்டு அது நெரிசலை அறிகிறது. வரைபடமும் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. கார்மின், மேப்மைஇந்தியா போன்ற பெயர்களில் ஒரு காலத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த தனிக் கருவிகளுக்கு நெட்வொர்க் தேவையில்லை, ஆனால் போன் வந்த பிறகு அவற்றின் மவுசு குறைந்துவிட்டது. புதிய கார்கள் சில சொந்த சிம் மூலம் தம் வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்கின்றன. வாங்குமுன் கேட்க வேண்டியது திரையின் அளவையல்ல. வரைபடம் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும், அதற்குப் பிறகு யார் பணம் கட்டுவது என்பதைத்தான். காருக்கு வயது பத்து, பதினைந்து ஆண்டுகள். தில்லியின் வரைபடம் அதற்கு முன்பே கிழடாகிவிடும்.

பெரும்பாலோருக்கு நடுவழி போதும்: போனிலுள்ள வரைபடத்தைக் கார்த் திரையில் ஓடவிடுவது, வெளியூர் போகுமுன் அந்தப் பகுதியைப் போனில் இறக்கிவைத்துக்கொள்வது. 2020 அக்டோபரில் அமலான விதித் திருத்தத்தின்படி, வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம்.

ஆனால் புதிய வரைபடமும் கண்ணுக்கு ஈடாகாது. 2024 நவம்பரில் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மேல் பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். போனில் வழி பார்த்துச் சென்றார்கள் என்றன செய்திகள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

அன்றிரவு லக்ஷ்மிபாய் நகரை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இரண்டு திரைகளும் காட்டிய கேட் பூட்டியிருந்தது. கம்பளி போர்த்திய காவலாளி எழுந்து வந்து, அடுத்த கேட்டைக் கை காட்டினார்.