வேடுபறித்த ஊரும் மாமாவின் துப்பாக்கியும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் திருமுருகன்பூண்டியைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்டுவிடலாம். பனியன் கம்பெனிகளின் இரைச்சல் சற்றே பின்தங்கியதும் 'டங் டங்' என்று உளிச் சப்தம் எழும். சாலையோரத்துக் கொட்டகைகளில் முகம் மட்டும் வெளிவந்த பிள்ளையார்களும், இன்னும் கால் முளைக்காத நந்திகளும் வெண்தூசியில் மூழ்கிக் கிடப்பதைக் காணலாம். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவ வேண்டிய அவசியமே இல்லை.

கோயில் நல்லாற்றங்கரையில் மேற்குப் பார்த்து நிற்கிறது. சுவாமிக்கு முருகநாதேசுவரர் என்று பெயர். முருகன் பூஜித்த லிங்கம் என்பது ஐதீகம். சித்தப்பிரமை கொண்டவர்களை இங்கே அழைத்து வந்து, தீர்த்தத்தில் நீராட்டித் தங்க வைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் இந்த ஸ்தலத்தின் பெரிய கியாதி ஒரு திருட்டினால் வந்தது!

சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, பொன்னும் மணியும் பட்டுமாக மூட்டை மூட்டையாய்ப் பரிசு பெற்று இவ்வழியே திரும்பினார். சிவபெருமான் தம் பூதகணங்களை வேடர் உருவில் ஏவி, அத்தனையையும் பறித்துக் கொள்ளச் செய்தார். 'தம்பிரான் தோழர்' ஆயிற்றே, சுந்தரர் சும்மா இருப்பாரா? வழிப்போக்கரை அடித்துத் துணியையும் உருவிக்கொள்ளும் முரட்டு வேடர்கள் வாழும் இந்த இடத்தில் நீர் எதற்காக ஐயா குடியிருக்கிறீர் என்று கோயிலுக்குள் போய்ச் சண்டை பிடித்துப் பதிகம் பாடினார். பறிபோன பொருள் எல்லாம் திரும்பி வந்தது. இன்றும் மாசித் திருவிழாவில் 'வேடுபறி' என்று அந்தக் காட்சியை நடத்திக் காட்டுகிறார்கள். வில்லும் அம்பும் ஏந்தி வந்த கூட்டம் பரிசை மட்டும் பறித்தது, பறித்ததையும் திருப்பிக் கொடுத்தது. வேட்டைக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

நான் இம்முறை அங்கே போனது ஸ்தல யாத்திரைக்காக அல்ல. என் தாய்மாமன், எண்பத்து நாலு வயதுப் பெரியவர், "ஒரு மனு எழுதோணும், வந்து சேர் மாப்பிள்ளே" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சமாசாரம் ஒரு துப்பாக்கியைப் பற்றியது. நான் சரித்திர உபாத்தியாயன். துப்பாக்கி என்றால் எனக்குப் பிளாசி யுத்தத்தோடு சரி. ஆயினும் குடும்பத்தில் பட்டம் பெற்றவன் என்று ஒருவன் இருந்தால் கலியாணப் பத்திரிகை முதல் கலெக்டர் மனு வரை அவன்தானே எழுத வேண்டும்!

துப்பாக்கி என் அப்பிச்சியுடையது. அதாவது அம்மாவின் தகப்பனாருடையது. அவருக்குப் பிறகு லைசென்ஸ் மாமா பெயருக்கு மாறியது. அமெரிக்காவில் வின்செஸ்டர் கம்பெனி செய்த 1895-ஆம் வருஷத்து மாதிரி; .405 என்ற தோட்டாவைப் போடுவது. மாமாவின் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஆசை. லைசென்ஸ்தாரர் எழுபது வயதைக் கடந்தால் வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் இடமும் இருக்கிறது. மாமாவோ சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறார். பெரியவரின் மனத்தை மாற்றும்படி மச்சான் என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே இரண்டு கட்சிக்கும் வக்கீலாகப் போய்ச் சேர்ந்தேன்.

மாமா கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன விசேஷமுங்க மாமா?" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. அன்று நான் மாணாக்கன்.

இதை லீவர் துப்பாக்கி என்பார்கள். விசைக்கு அடியில் வளையம் போல் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாக் கூடு வெளியே தெறிக்கும். குதிரை பின்னால் ஏறும். திரும்ப மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே, நம் வீட்டுப் பெண்கள் அடிபம்பை அடிப்பது போல், அடுத்தடுத்துச் சுடலாம். தாழ்ப்பாள் போட்டது போன்ற போல்ட் துப்பாக்கி இதைவிட உறுதியானது. ஆனால் பழகாத கைக்கு அவ்வளவு வேகம் வராது. இங்கிலீஷ்காரர்களின் இரட்டைக்குழல் ரைபிள் எல்லாவற்றிலும் நம்பகமானது. அதன் விலைக்கு அந்நாளில் ஒரு தோட்டம் வாங்கலாம் என்பது மாமாவின் கணக்கு.

பழைய லீவர் துப்பாக்கிகளில் ஒரு சங்கடம் உண்டு. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய், அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால், பின்னுதையில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிருஷ்டத்தில் மோதி, உள்ளேயே வெடித்துவிடக் கூடும். ஆகையால் தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்க மேதை 1895-ஆம் வருஷத்து மாதிரியில் குழாயை எடுத்துவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தார். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இதனால் பெரிய தோட்டாவும் போடலாம், கூர்க்குண்டும் போடலாம். முதல் உலக யுத்தத்தில் ருஷ்ய சர்க்கார் தன் பட்டாளத்துக்கு இதை லட்சக்கணக்கில் வாங்கியது.

.405 தோட்டா 1904-ல் வந்தது. குண்டின் எடை 300 கிரெயின், ஏறக்குறைய 19 கிராம். குழலை விட்டுப் புறப்படும்போது வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகம். அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனபோது சிங்கத்துக்கு இதையே நம்பினார். ஆனால் அவர் யானைக்கு என்று இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒன்றையும் கையோடு கொண்டு போனார் என்பதை மறக்கக் கூடாது. நம் பக்கத்தில் இந்தத் துப்பாக்கியைப் பிரசித்தி செய்தவர் பெங்களூர் கென்னத் ஆண்டர்ஸன். சேலம், கோயமுத்தூர் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்த அவருடைய முதல் புத்தகம் 1954-ல் வந்தது. அதைப் படித்தவர்களுக்கு இந்த .405 கதையில் வரும் இன்னொரு பாத்திரமாகவே தோன்றும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் நம் தேசத்தாருக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி நாம் லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரருக்கோ விலக்கு. அஹிம்ஸையை உபதேசித்த காந்திஜியே 1918-ல் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். பட்டாளத்தின் .303 தோட்டா நம் கைக்கு வரக்கூடாது. .450 தோட்டா பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்று பயந்து 1907-ல் அதையும் தடுத்தார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465 என்றும் .470 என்றும் புதிது புதிதாகச் செய்து கொடுத்தன. புரட்சிக்குப் பயந்து போட்ட உத்தரவினால் துரைமாருக்கு நல்ல தோட்டாக்கள் கிடைத்தன, நமக்கு.315 கிடைத்தது!

இவ்வளவையும் மாமா சொல்லி முடித்ததும், "இத்தனை அருமையான பொருளை ஏன் மாமா விடோணும்? மச்சானே வெச்சுக்கட்டுமே" என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன். மாமா சற்று நேரம் பேசவில்லை. வெளியே உளிச் சப்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது ரெண்டாவது துப்பாக்கி மாப்பிள்ளே. முதல் துப்பாக்கி ஒண்ணு இருந்தது, உனக்குத் தெரியாது" என்றார்.

1951-ஆம் வருஷம் மார்கழி மாதம். மாமாவுக்குப் பதினொரு வயது. அப்பிச்சி அவரையும் அழைத்துக்கொண்டு புளியம்பட்டி, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலை ஏறினார். அப்போது அவரிடம் இருந்தது முப்பது-முப்பது என்கிற சின்ன லீவர் துப்பாக்கி. மானுக்கும் பன்றிக்கும் ஏற்றது; குண்டின் எடை 170 கிரெயின், பதினொரு கிராம். பையனை முகாமில் விட்டுவிட்டு, வழிகாட்டியாக ஒரு சோளகரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் காட்டுக்குள் போனார்கள். மானைத் தேடிப் போன இடத்தில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று எதிர்ப்பட்டது. நல்ல கடா காட்டெருமை 800 கிலோவுக்கு மேல் இருக்கும். நின்றால் ஓர் ஆள் உயரம். அறுபது கஜ தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. அப்பிச்சியால் ஆசையை அடக்க முடியவில்லை. சுட்டுவிட்டார்.

மிருகம் குலுங்கிற்று, மூங்கில் புதருக்குள் மறைந்தது. காயம் பட்ட பிராணியைப் பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது வேட்டைக்காரர்களின் தர்மம். அந்தத் தர்மத்தை நிறைவேற்ற முன்னால் நடந்தவர் சோளகர். பின்னால் நடந்தவர் அப்பிச்சி. ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு பர்லாங் போயிருப்பார்கள். எதிர்பாராத பக்கத்திலிருந்து அது வந்தது. கொம்பு சோளகரின் தொடையில் ஏறிற்று. அப்பிச்சி லீவரைத் தள்ளித் தள்ளி மூன்று தரம் சுட்டார். மிருகம் நிற்கவில்லை. கடைசியில் அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

சோளகரைக் கட்டிலில் போட்டுச் சத்தியமங்கலத்துக்கு இறக்கினார்கள். உயிர் பிழைத்தது, கால் பிழைக்கவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடந்தார். கட்டில் மலையிறங்கும்போது அவர் ஒரு சப்தமும் போடாமல் வந்தது இன்றும் தன் காதில் கேட்கிறது என்றார் மாமா. சப்தமில்லாதது எப்படிக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் அப்பிச்சிக்கு வேறு நினைவே கிடையாது. தோட்டா போதவில்லை என்பதே அவர் பேச்சு. மிருதுவான மூக்குள்ள குண்டு உடலில் பட்டதும் காளான் போல் விரிந்துவிடும். புலிக்கு அதுவே சரி. தடித்த தோலும் எலும்பும் உள்ள பிராணிக்கு விரியாத கெட்டிக் குண்டு வேண்டும். குண்டு கனமாக இருந்தால் மட்டும் போதாது. தன் பருமனுக்குத் தக்க நீளமும் இருந்தால்தான் ஆழமாக ஊடுருவும். இதையெல்லாம் கம்பெனிக் காட்டலாக்குகளை வரவழைத்துப் படித்தார், படித்தவர்களிடம் கேட்டார், பெருமூச்சு விட்டார். 500 கிரெயின் குண்டு போடும் .470 இரட்டைக்குழலுக்கு ஆசைப்பட்டார், கட்டுப்படியாகவில்லை. சுதந்திரம் வந்தபின் ஊர் திரும்பிய ஒரு தோட்டத் துரை விட்டுப்போன .405 கைமாறிக் கைமாறி வந்தது. 1953-ல் அதை வாங்கினார். காட்டெருமைக்குப் பக்கவாட்டில் இது போதும் என்பது அவருடைய தீர்ப்பு. கொல்லையில் ஒரு பட்ட பனையைக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்ததில் தோள் கன்றிப் போய் ஒரு வாரம் எண்ணெய் தடவிக் கொண்டாராம்.

அந்தச் சித்திரையில் சோளகர் ஊருக்கு வந்தார். ஆண்டுதோறும் அவருக்கு ஒரு மூட்டை அரிசியும் வேஷ்டியும் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. அப்பிச்சி உற்சாகமாகப் புதுத் துப்பாக்கியை எடுத்துக் காட்டி, இது அன்று இருந்திருந்தால் உனக்கு இந்தக் கதி வந்திராது என்று விஸ்தாரமாகச் சொன்னார். சோளகர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்; தோட்டாவையும் விரலால் உருட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங் சாமி. ஆனா அன்னைக்கு நீங்க மேலே சுட்டுப் போட்டீங்க" என்றார்.

காட்டெருமைக்கு முதுகில் மேடு உண்டு. அதனால் உடல் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். இருதயமோ மார்பின் அடிப்பாகத்தில், முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. உடம்பின் நடுவைக் குறிவைப்பதாக எண்ணிக்கொண்டு அனுபவமில்லாதவர்கள் மேட்டில் சுட்டுவிடுவார்கள். எந்த நம்பர் தோட்டாவாக இருந்தாலும் அங்கே பட்டால் பிரயோஜனம் இல்லை. முன்னால் நடந்து போன மனிதர் இதை அன்றே பார்த்துவிட்டார். பார்த்தும், புதருக்குள் முதலில் நுழைந்தார்.

அப்பிச்சி பதில் சொல்லவில்லையாம். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தார். பனையைச் சுட்டதோடு அதன் வேட்டை முடிந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மற்ற லைசென்ஸ்தாரர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய் ஒப்படைப்பதும், முடிந்தபின் ரசீதைக் காட்டி வாங்கி வருவதுமே அதற்கு இருந்த ஒரே பிரயாணம். அந்தக் காடு 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். சோளகரின் பேரன் அங்கே வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறார். மாமா பொங்கலுக்கு அவருக்கு வேஷ்டி அனுப்புவது இன்னும் நிற்கவில்லை.

மச்சானுக்காக நான் சொல்ல நினைத்திருந்த வாதங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். மேதகு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு என்று தொடங்கி, லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர், மீதமுள்ள தோட்டாக்கள் பதினேழு என்பது வரை எழுதிவிட்டேன்.

"ஒப்படைப்பதற்குக் காரணம் என்னவென்று எழுதட்டுமுங்க மாமா?"

மாமா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடை சாத்தும் நேரம் ஆகியிருந்தது.

"வயசாயிருச்சுன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பதினேழல்ல, பதினாறு என்று திருத்தச் சொன்னார்.