வெள்ளி இரவு தாஹோ சாலை

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து தாஹோ ஏரிப் பக்கத்து ட்ரக்கி ஊருக்கு முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலை காய்ந்திருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பனிப்புயல் அடித்தால் எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகும். வாரம் ஐந்து நாளும் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் நானும் நண்பர்களும் குளிர்காலம் முழுக்க, முடிந்த வாரக்கடைசிகளில் அங்கே ஸ்கீ சறுக்கப் போய்வருகிறோம்.

எதற்கு இவ்வளவு பாடு என்று மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்பார். ஸ்கீயைச் சரிவின் பக்கம் திருப்பிவிட்டால் அடுத்த வளைவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாது. பாதியில் விட்டுவந்த புரோகிராமும் திங்கட்கிழமை மீட்டிங்கும் அங்கே நினைவுக்கே வருவதில்லை. அந்த விடுதலை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

அதற்கு நாம் கொடுக்கும் விலை தூக்கம். அதைக் கேட்பது மலையல்ல, மலைக்குப் போகும் ஐ-80 சாலை.

வழியில் வரும் சாக்ரமெண்டோ கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. ஆபர்ன் தாண்டியதும் ஏற்றம் தொடங்கி, டானர் கணவாய் அருகே சாலை 2,200 மீட்டரைத் தொடுகிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் ஏறிக் குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. சோடா ஸ்பிரிங்ஸில் உள்ள பனி ஆய்வுக்கூடம் 2022-23 குளிர்காலத்தில் அளந்தது 754 அங்குலம், அதாவது 19 மீட்டருக்கு மேல். ஈரம் அதிகமென்பதால் கனமான பனி. இங்குள்ளவர்கள் ‘சியரா சிமெண்ட்’ என்பார்கள். மதியத்துக்குள் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணவாயை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1846-47 குளிர்காலத்தில் மாட்டு வண்டிகளில் வந்த டானர் குழுவினர் இங்கே சிக்கி, ஏறத்தாழ பாதிப் பேர் மாண்டார்கள். 1952 ஜனவரியில் ‘சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ’ ரயில் பனியில் புதைந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மூன்று நாள் உள்ளேயே கிடந்தார்கள். இன்று மாநில நெடுஞ்சாலைத் துறை, டயரில் செயின் மாட்டச் சொல்லும் ‘செயின் கண்ட்ரோல்’ அறிவிக்கிறது. ஆர்-2 என்று பலகை வைத்துவிட்டால், நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் உள்ள வண்டிகளைத் தவிர மற்றவை செயின் மாட்டியே ஆகவேண்டும். விலக்குள்ள வண்டிகளும் செயினைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிலைமை அதற்கும் மேல் மோசமானால் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள்.

வெள்ளி மாலை ஆபீஸ் முடிந்து கிளம்பினால் சாக்ரமெண்டோ வரைக்கும் நெரிசலில் ஊர்ந்து, களைத்துப்போய், நள்ளிரவில் பனிக்குள் நுழைய வேண்டிவரும். இதுதான் மிக மோசமான ஏற்பாடு. நாங்கள் வெள்ளி இரவு சீக்கிரம் படுத்து, சனி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து போகிறோம். ஒருவர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். “அண்ணா, கண்ணு சொக்குது, நீங்க எடுங்க” என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. அதைக் கேட்டதும் வண்டி அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடும்.

திரும்புவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிறு நாலு மணிக்கு லிஃப்ட் நிற்கும்போது மலையில் இருக்கும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவார்கள். நாங்கள் சறுக்கும் பாலிசேட்ஸ் தாஹோ தளத்திலிருந்து ட்ரக்கிக்குப் போகும் 89-ஆம் எண் சாலையிலோ போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். அதனால் பதினொன்றரைக்கே ஸ்கீயைக் கழற்றிவிடுகிறோம். வெயில் பளீரென்று அடிக்கும்போது கிளம்புவது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இரவு ஒன்பதுக்குப் படுத்தால்தான் திங்கட்கிழமை நம்மை நம்பியிருக்கும் சக ஊழியர்களுக்கு முழு ஆளாகப் போய் நிற்கலாம். வேலை கெட்டால் இந்தப் பயணமும் நிலைக்காது.

முதல்முறை போகிறவர்களுக்கு: டேங்க் நிறைய பெட்ரோல், தண்ணீர், கம்பளி, செயின் இல்லாமல் கிளம்பாதீர்கள். செயினை வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். கிளம்பும் முன் சாலை நிலவரம் பாருங்கள். ஐ-80 மூடியிருந்தால் படுத்துத் தூங்குங்கள். ஏப்ரல் வரை அங்கே பனி இருக்கும்.